கல்யாணத்துக்கு 30 சேலை: முடிச்சா, மெழுகா, டிஜிட்டலா?

மதுரைப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. அத்தைமார், சித்திமார், மதினிமார், நாத்தனார்கள் என்று வீட்டுப் பெண்கள் அத்தனை பேருக்கும் ஒரே மாதிரிச் சேலை எடுக்கிறார்கள். முகூர்த்தத்துக்குப் பட்டு இருக்கவே இருக்கிறது. முந்தின நாள் நலங்குக்கோ பெண் அழைப்புக்கோதான் இந்தச் சேலை. சுமாரான குடும்பம் என்றாலே 30 சேலை வேண்டும். எதை எடுக்கலாம் என்று பேச்சு வரும்போது முதலில் வாயில் வருவது சுங்குடி. சொந்த ஊர்ச் சேலை, புள்ளி வைத்த பருத்தி, வெயிலுக்கு இதம், அப்பத்தாவும் சுமையில்லாமல் உடுத்தலாம். காரணங்கள் எல்லாம் நியாயமானவை.

சிக்கல் கடைக்குப் போன பிறகு தொடங்குகிறது. விளக்குத்தூண் பக்கம் போய் "சுங்குடி எடுத்துப் போடுங்கள்" என்றால், அந்த ஒரே பெயரில் நான்கு வேறு வேறு பொருட்கள் விரிக்கப்படும். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்தது ஒன்று. மெழுகு அச்சோ ஸ்கிரீன் அச்சோ போட்ட பருத்தி ஒன்று. கணினியிலிருந்து நேராகத் துணியில் அச்சடித்த டிஜிட்டல் சேலை ஒன்று. பாலியெஸ்டர் துணியில் சுங்குடிப் புள்ளிகளைச் சூடுகாட்டி ஏற்றியது இன்னொன்று. விலை சில நூறு ரூபாயில் தொடங்கிச் சில ஆயிரம் வரை போகிறது. கைபேசியில் படம் எடுத்து உறவினர் குழுவில் போட்டால் நான்குக்கும் வித்தியாசம் தெரியாது.

எனவே விலையையும் படத்தையும் மட்டும் வைத்து முடிவெடுத்தால் மலிவானதுதான் ஜெயிக்கும். விலைச்சீட்டில் இல்லாத இரண்டு விவரங்களையும் சேர்த்துப் பாருங்கள் என்பது என் வேண்டுகோள். இந்தச் சேலைக்குச் சாயம் ஏற்றிய தண்ணீர் எங்கே போனது? கல்யாணம் முடிந்த பிறகும் இதை யாராவது உடுத்துவார்களா? ஆடைத் தொழிலின் எதிர்காலம் குறித்து உலகம் முழுவதும் நடக்கும் விவாதமும் சுற்றிச்சுற்றி இந்த இரண்டு கேள்விகளிடம்தான் வந்து நிற்கிறது.

முடிச்சுப் போட்ட சுங்குடி

குஜராத்திலிருந்து வந்து நாயக்கர் காலத்தில் மதுரையில் நிலைத்த சௌராஷ்டிர மக்களின் கைத்தொழில் இது. மதுரைச் சுங்குடிக்கு 2005-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் அந்தச் சேலை எப்படி உருவாகிறது என்பதை இந்த ஊரிலேயே பலர் பார்த்ததில்லை.

வெளுத்த பருத்தித் துணியை மடித்து, புள்ளி விழ வேண்டிய இடங்களைக் குறித்துக்கொள்கிறார்கள். பிறகு ஒவ்வொரு புள்ளியிலும் துணியை நக நுனியால் சிட்டிகை அளவு கிள்ளித் தூக்கி, நூலை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி இறுக்குகிறார்கள். நூல் சுற்றிய இடத்தில் சாயம் ஏறாது. அவிழ்த்தால் அங்கே கடுகு அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி நிற்கும். ஒரு சேலைக்கு இப்படி ஆயிரக்கணக்கான முடிச்சுகள். பெரும்பாலும் பெண்கள் வீட்டு வேலைகளுக்கு இடையில் நாட்கணக்கில் உட்கார்ந்து போடுவது. இரண்டு நிறப் புள்ளி வேண்டுமானால் முதலில் இளநிறத்தில் தோய்த்து, மறுபடி முடிச்சுப் போட்டு, அடர்நிறத்தில் தோய்க்க வேண்டும். பார்டருக்கும் முந்திக்கும் வேறு நிறம் என்றால், சாயம் புகாதபடி உடல் பகுதியை இறுகக் கட்டி மூடிவிட்டுத் தோய்க்க வேண்டும்.

அசலைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. முடிச்சு அவிழ்க்காத சேலையையே காட்டச் சொல்லுங்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குறுக்காகச் சடாரென்று இழுத்தால் நூல்கள் தெறித்து விழும், புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கண் திறக்கும். முடிச்சு நீங்கிய இடத்தில் துணி சற்றே கூம்பி நிற்கும். விரலால் தடவினால் கையில் தட்டுப்படும். புள்ளிகள் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. சிலவற்றின் நடுவில் ஊசிமுனை அளவு சாயம் புகுந்திருக்கும். துணியின் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தமாகத் தெரியும். இத்தனையும் ஒத்து வந்தால் அது கையால் கட்டியதுதான்.

இனி இதன் குறைகள். விலை கூடுதல், நாள் ஆகும். கொடுக்கிற விலையில் முடிச்சுப் போடுகிறவருக்குச் சேரும் பங்கு மிகக் குறைவு. அந்த வீடுகளின் அடுத்த தலைமுறைப் பெண்கள் இந்த வேலைக்கு வராததற்கு அதுவே காரணம். கையால் செய்தது என்பதாலேயே இது பூமிக்கு நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. முடிச்சு கையால் போட்டது, சரி. சாயம்?

சாயத்தொட்டியின் கணக்கு

ஒரு பருத்திச் சேலை ஏறத்தாழ 450 கிராம் எடை இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். பருத்தி விளைவதில் தொடங்கி ஒரு கிலோ பருத்தித் துணிக்கு உலகச் சராசரியாக 10,000 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படியானால் ஒரு சேலைக்கு 4,500 லிட்டர். கேட்டால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் இந்தியாவில் பருத்தி பயிராகும் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு மானாவாரி. வானம் கொடுத்த மழையைச் செடி குடிக்கிறது. சாயப்பட்டறையில் செலவாகும் தண்ணீர் அளவில் இதைவிட எத்தனையோ மடங்கு குறைவு. ஆனால் அது கெட்டுப்போய் வெளியே வருகிறது. எனக்கு அந்தத் தண்ணீர்தான் பெரிய கவலை.

பருத்திக்கு இன்று மிகுதியாகப் பயன்படுவது, நூலோடு வேதிமுறையில் பிணையும் ரியாக்டிவ் சாயம். நிறம் பளிச்சென்று இருக்கும், துவைத்தாலும் நிற்கும். அது நூலில் ஏற உப்பு வேண்டும். அடர்நிறம் என்றால் ஒரு லிட்டருக்கு 50 முதல் 80 கிராம் வரை உப்புப் போடுவார்கள். தொட்டியில் தோய்க்கும்போது துணியின் எடையைப்போல் 20 மடங்கு தண்ணீர் எடுத்தால் ஒரு சேலைக்கு 9 லிட்டர். லிட்டருக்கு 60 கிராம் என்று வைத்தால் 540 கிராம் உப்பு. சேலையின் எடையை விட அதற்குப் போட்ட உப்பின் எடை கூடுதல். 30 சேலைக்கு 16 கிலோ. இந்த உப்பில் துளிகூடத் துணியில் தங்குவதில்லை. அத்தனையும் தண்ணீரோடு வெளியேறுகிறது. சாயத்திலும் நான்கில் ஒரு பங்கு, சில நேரம் அதற்கு மேலும், நூலில் ஒட்டாமல் அலசும் தண்ணீரில் போய்விடுகிறது. நிறத்தை வடிகட்டலாம். உப்பைச் சாதாரண வடிகட்டியால் பிரிக்க முடியாது. அது நிலத்தில் இறங்கினால் கிணறு கரிக்கும்.

இந்தப் பாடத்துக்கு நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. நொய்யல் ஆறு இருக்கிறது. விவசாயிகளுக்காக 1992-இல் அதன் குறுக்கே கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறியது; திறந்துவிட்ட தண்ணீர் வயலைக் கெடுத்தது. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன்பின் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனைக்கு ஏற்பச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சீர்செய்த பிறகே பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. இன்று அங்கே எதிர்ச்சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் தண்ணீரைப் பிரித்தெடுத்து, மிஞ்சிய உப்புநீரைக் காய்ச்சி, உப்பையும் திரும்பச் சாயத்தொட்டிக்கே அனுப்புகிறார்கள். செலவு பிடித்த வேலை. இருந்தாலும் ஆடைத் தொழிலில் தொழில்நுட்பம் செய்த நல்ல காரியம் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

மதுரையில் சுங்குடி தோய்க்கும் இடங்கள் பல சின்னஞ்சிறியவை. சில வீட்டுக் கொல்லையிலேயே இருப்பவை. திருப்பூர் அளவுக்கு நிலையம் கட்ட அவர்களால் ஆகாது. சாயத்தண்ணீர் தெருச் சாக்கடையில் இறங்கினால் வாய்க்கால் வழியாக வைகைக்குத்தான் போக வேண்டும். வைகைத் தண்ணீரின் குணத்தால்தான் சுங்குடிக்கு அந்தப் பளபளப்பு வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த ஆற்றுக்கு நாம் செய்கிற கைம்மாறு இதுவாக இருக்கக்கூடாது. எனவே முடிச்சுச் சுங்குடி வாங்குவதாக முடிவெடுத்தாலும், "எங்கே தோய்க்கிறீர்கள், தண்ணீர் எங்கே போகிறது?" என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். பட்டறையைக் காட்டத் தயாராக இருக்கும் வியாபாரியை நம்பலாம்.

"இயற்கைச் சாயம்" என்ற அட்டையைப் பார்த்தவுடன் நிம்மதியாகிவிடவும் வேண்டாம். கடுக்காய், மாதுளை ஓடு, அவுரி, மஞ்சிட்டி எல்லாம் அருமையான சாயப்பொருட்கள். இவற்றில் பலவற்றை நூலில் பிடித்து நிறுத்த உலோக உப்பு ஒன்று தேவைப்படும். படிகாரம் என்றால் பெரிய கெடுதல் இல்லை. தாமிரமும் குரோமியமும் அப்படி அல்ல. மஞ்சள் கிழங்கின் நிறம் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும். எந்தச் சாயம், எந்த உப்பு என்று கேளுங்கள். இன்னொரு பக்கம், செயற்கைச் சாயம் எல்லாமே விஷம் என்ற பேச்சும் தவறு. உடலுக்குக் கேடான அமின் என்ற வேதிப்பொருட்களை வெளிவிடும் அசோ வகைச் செயற்கைச் சாயங்களுக்கு ஜெர்மனி 1994-இல் தடை கொண்டுவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் இந்தியாவும் தடை செய்தது. தடை செய்யப்படாத நல்ல சாயத்தை முறையாகத் தோய்த்து, முறையாக அலசினால் தோலுக்கு ஒன்றும் ஆகாது.

மெழுகும் ஸ்கிரீனும்

நடுத்தர விலையில் நல்ல பருத்திச் சேலை வேண்டும் என்போருக்கு இது. மெழுகு அச்சில், உருக்கிய மெழுகை அச்சுக்கட்டையால் துணியில் ஒற்றி, பிறகு குளிர்ந்த சாயத்தில் தோய்க்கிறார்கள். மெழுகு வெடித்த இடங்களில் சாயம் நுழைந்து மயிரிழை போன்ற கோடுகள் விழும்; அந்தக் கோடுகள்தான் இதன் அடையாளமும் அழகும். ஆனால் மெழுகை நீக்கக் கொதிநீர் வேண்டும், அதற்கு விறகோ எரிவாயுவோ வேண்டும். மிதக்கும் மெழுகை வழித்தெடுத்து மறுபடி பயன்படுத்தும் பட்டறைகள் மெச்சத்தக்கவை. சாயத்தொட்டி, உப்பு, அலசும் தண்ணீர் எல்லாம் முன்பு சொன்ன அதே கணக்குத்தான்.

ஸ்கிரீன் அச்சில் பசையோடு கலந்த நிறமியைச் சல்லடைத் திரை வழியாகத் துணியின் மேல் படியவைத்துச் சூட்டில் இறுக்குகிறார்கள். தோய்ப்பதும் இல்லை, அலசுவதும் அனேகமாக இல்லை. தண்ணீர்க் கணக்கில் இது மேல். ஆனால் அச்சு விழுந்த இடம் சற்று விறைப்பாக இருக்கும், தேய்த்துத் துவைக்கத் துவைக்க மங்கும். நாள் முழுக்க வீட்டில் புழங்க மெழுகு அச்சுச் சேலைதான் எனக்குப் பிடிக்கும். சின்னாளபட்டிச் சேலை உடுத்திப் பழகிய வீடுகளில் இதற்கு அறிமுகமே தேவையில்லை.

டிஜிட்டல் அச்சு

இதைப் பற்றி இரண்டு விதமான பேச்சு காதில் விழுகிறது. கைத்தொழிலைக் கொல்ல வந்தது என்பார் ஒரு சாரார். தண்ணீரே தேவையில்லாத அதிசயம் என்பார் இன்னொரு சாரார். இரண்டையும் அப்படியே ஏற்க முடியாது.

காகிதத்தில் அச்சடிப்பது போலவே, மை தெளிக்கும் தலைகள் துணியின் மேல் ஓடி, படத்துக்கு எவ்வளவு மை வேண்டுமோ அவ்வளவை மட்டும் விடுகின்றன. ஸ்கிரீன் செய்ய வேண்டாம், அச்சுக்கட்டை வேண்டாம், மிஞ்சிய சாயப்பசையைக் கழுவி ஊற்ற வேண்டாம். ஒரு சேலை கேட்டாலும் ஒன்று அடிக்கலாம், 30 கேட்டாலும் அடிக்கலாம். விற்குமா விற்காதா என்று தெரியாமல் 500 சேலை அடித்துக் குவித்துவிட்டு, கடைசியில் தள்ளுபடியில் தள்ளும் கதை இதில் குறையும். ஆடைத் தொழிலின் பெரிய வீணடிப்புகளில் ஒன்று விற்காமல் கிடக்கும் சரக்கு என்பதால், இந்த ஒரு குணத்துக்காகவே டிஜிட்டலை நான் மதிக்கிறேன்.

ஆனால் பருத்தியில் ரியாக்டிவ் மையால் அடித்தால் வேலை அதோடு முடிவதில்லை. மை பரவாமல் நிற்க, அச்சுக்கு முன்பே துணிக்குக் காரமும் யூரியாவும் கெட்டிப்பொருளும் ஏற்ற வேண்டும். அச்சுக்குப் பிறகு நீராவி காட்ட வேண்டும். அப்புறம் அதையெல்லாம் அலசி எடுக்க வேண்டும். அந்த அலசலில் யூரியா தண்ணீரோடு போகிறது. தொட்டியில் தோய்ப்பதை விடத் தண்ணீர் குறைவு, சாயமும் குறைவு. ஆனால் கழிவுநீர் இல்லாத முறை இது என்று சொன்னால் அது உண்மையல்ல. நிறமி மை என்று இன்னொரு வகை உண்டு. அதற்குச் சூடு காட்டினால் போதும், அலச வேண்டாம். அதன் பலவீனமும் ஸ்கிரீன் அச்சின் பலவீனமே: ஈரத்தில் தேய்த்தால் நிறம் உரியும். கடையில் நிற்கும்போதே வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து, சேலையின் ஓரத்தில் பத்து முறை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். முடிச்சோ, மெழுகோ, டிஜிட்டலோ, எந்தச் சேலைக்கும் இந்தச் சோதனை பொருந்தும்.

டிஜிட்டல் சேலையில் எனக்கு மனத்தாங்கல் ஒன்றே ஒன்று. முடிச்சுப் போட்ட புள்ளியைப் படம் பிடித்து, அந்தப் படத்தைத் துணியில் அடித்து, அதைச் சுங்குடி என்றே விற்பது. ஆயிரக்கணக்கான முறை கிள்ளிக் கட்டிய ஒரு பெண்ணின் உழைப்பைப் படமாக எடுத்துக்கொண்டு, அவரிடமே போட்டிக்கு நிற்கும் வியாபாரம் அது. இந்த இயந்திரத்தால் கையால் செய்யவே முடியாத வடிவங்களைக் கொண்டுவர முடியும். தெப்பக்குளத்து மைய மண்டபத்தை முந்தியில் கொண்டுவரட்டும், அழகர்மலைக் காட்டைப் பார்டர் முழுக்க ஓடவிடட்டும். அப்படிச் செய்த சேலையை அதன் சொந்தப் பெயரிலேயே, டிஜிட்டல் அச்சுச் சேலை என்று சொல்லி விற்றால் நானே முதல் ஆளாக வாங்குவேன்.

பாலியெஸ்டர்

30 சேலையையும் மிகக் குறைந்த பணத்தில், ஒரே வாரத்தில், துளி நிறமாற்றம் இல்லாமல் தருவது இதுதான். காகிதத்தில் அடித்த படத்தை 200 டிகிரி அளவு சூட்டில் துணிக்கு மாற்றுகிறார்கள். தண்ணீர் செலவே இல்லை என்று சொல்லலாம். சாயத்தண்ணீர் என்ற என் முதல் கேள்வியில் நான்கு சேலைகளிலும் முதலிடம் இதற்குத்தான். அதை மறைப்பதில் பயனில்லை.

இரண்டாவது கேள்வியில் தோற்றுவிடுகிறது. சித்திரை வெயிலில், ஆயிரம் பேர் கூடிய மண்டபத்தில், வியர்வையை உறிஞ்சாத துணியை ஒரு முறை உடுத்தியவர் மறுமுறை எடுக்க மாட்டார். பீரோவில் கிடந்து, பிறகு யாருக்காவது போய், முடிவில் குப்பையில் சேரும். பெட்ரோலியத்திலிருந்து வந்த இழை மக்காது. துவைக்கும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளை உதிர்க்கும்: 6 கிலோ பாலியெஸ்டர் துணியை ஒரு முறை இயந்திரத்தில் துவைத்தால் ஏறத்தாழ 5 லட்சம் இழைத்துணுக்குகள் வெளியேறக்கூடும் என்று பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் கணக்கிட்டார்கள். உலகில் இன்று உற்பத்தியாகும் இழையில் பாதிக்கு மேல் பாலியெஸ்டர்தான் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

பழைய தண்ணீர் பாட்டிலிலிருந்து செய்த பாலியெஸ்டர் என்றால் பரவாயில்லையா என்று இளையவர்கள் கேட்கிறார்கள். புதிதாகப் பெட்ரோலியம் எடுப்பதை விட அது நல்லதுதான். ஆனால் பாட்டிலாகவே இருந்திருந்தால் மறுபடி பாட்டிலாகியிருக்கும். சேலையான பிறகு அதற்கு மறுபிறவி அனேகமாக இல்லை. உலகில் தூக்கிப் போடப்படும் ஆடைகளில் மறுபடி ஆடையாவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. துணுக்கு உதிர்வதும் நிற்காது. கல்யாணச் சேலைக்கு நான் பாலியெஸ்டரைப் பரிந்துரைக்க மாட்டேன். மழைக்கோட்டுக்கும் பள்ளிப் பைக்கும் இருக்கட்டும்.

காசைக் கணக்கிட்டாலும் இது மலிவல்ல. 700 ரூபாய்ச் சேலையை ஒரே ஒரு முறை உடுத்தினால் அந்த ஒரு நாளைக்கு 700 ரூபாய். 2,100 ரூபாய் கொடுத்த பருத்திச் சேலையை 30 முறை உடுத்தினால் ஒரு முறைக்கு 70 ரூபாய்தான்.

வாடகைக்கு எடுப்பது பற்றியும் ஒரு சொல். மணப்பெண்ணின் விலையுயர்ந்த பட்டுக்கு அது நல்ல வழி. 30 பருத்திச் சேலைக்குப் பொருந்தாது. ஒவ்வொன்றையும் துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்து, திருப்பி அனுப்பும் செலவிலேயே பாதிச் சேலை வாங்கிவிடலாம்.

சேலைக்குத் தேவையான தொழில்நுட்பம் எது

ஆடையுலகில் இன்று பெரிதாகப் பேசப்படும் கருவிகளில் பாதி, சேலைக்குத் தேவையே இல்லாதவை. உடம்பை அளந்து அளவு சொல்லும் செயலிகள், திரையில் உடுத்திப் பார்க்கும் வசதி, அளவு சேராமல் திரும்பி வரும் ஆடைகளைக் குறைக்கும் மென்பொருட்கள் எல்லாம் வெட்டித் தைத்த உடைக்கு உரியவை. வெட்டித் தைக்கும்போது துணியில் ஏறத்தாழ 15 சதவீதம் துண்டாகப் போகிறது. சேலையில் துண்டே விழுவதில்லை. ஐந்தரை மீட்டர் துணி, மகளுக்கும் சேரும், பாட்டிக்கும் சேரும், இளைத்தாலும் பெருத்தாலும் சேரும். கிழிந்த பிறகும் தூளிக்கு ஆகும், தலையணை உறைக்கு ஆகும். தைப்பதற்கு ரவிக்கை ஒன்றுதான். அதற்குப் புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறிய தையற்காரர்களின் அளவு நாடாவே போதும்.

சேலைக்குத் தேவைப்படுவது வேறு. முதலாவது, சாயம். உப்பே போடாமல், சாயத்தைத் துணியில் பிழிந்து ஏற்றி, உருளையில் சுற்றி ஒரு நாள் அறை வெப்பத்தில் வைத்திருக்கும் முறை ஒன்று ஆலைகளில் இருக்கிறது. முடிச்சுப் போட்ட துணியை உருளையில் நசுக்க முடியாது. ஆனால் சேலைத் துணிக்கு முதலில் ஏற்றும் இளநிறத்தை இப்படி ஏற்றலாம். நிறமானி வைத்துச் சாயக்கலவையை அளந்தால், நிறம் தவறி மறுபடி தோய்க்கும் வேலை குறையும். சிறு பட்டறைகள் பத்து சேர்ந்து பொதுவாக ஒரு சுத்திகரிப்பு நிலையம் வைத்துக்கொள்ள அரசு கைகொடுத்தால், மதுரையின் சுங்குடிக்கு அதை விடப் பெரிய உதவி வேறு இருக்க முடியாது.

இரண்டாவது, சேலையின் வரலாறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டத்தின்படி, அங்கே விற்கும் பொருட்களுக்கு வரும் ஆண்டுகளில் டிஜிட்டல் கடவுச்சீட்டு வரப்போகிறது. முதலில் அதற்குள் வரும் பொருட்களில் துணியும் ஒன்று. ஹாம்பர்க் நகரத்துக் கடையில் திருப்பூர் பனியனை எடுப்பவர், கைபேசியைக் காட்டினால் எந்த இழை, எங்கே செய்தது என்று தெரிந்துகொள்வார். மாசி வீதியில் சேலை எடுக்கும் நமக்கும் அந்த உரிமை வேண்டும் அல்லவா? கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் நெய்தவரின் பெயரும் படமும் கொண்ட அட்டையோடு சேலைகளை விற்றிருக்கிறது. முடிச்சுப் போட்டவர் யார், தோய்த்த பட்டறை எது, என்ன சாயம் என்று சொல்லும் சின்ன க்யூஆர் அட்டை ஒன்றைச் சுங்குடியின் முந்தியில் தைத்துவிடுவது அப்படி ஒன்றும் எட்டாத காரியமல்ல. நான்கு பொருட்கள் ஒரே பெயரில் விற்கும் குழப்பம் அன்றோடு தீரும்.

30 சேலைக்கு என்ன செய்யலாம்

இவ்வளவு தூரம் ஒப்பிட்டுப் பார்த்ததில் எனக்குத் தெளிவான ஒன்று உண்டு. நம்மைப் பாலியெஸ்டர் பக்கம் தள்ளுவது விலை மட்டுமல்ல, "ஒரே மாதிரி" என்ற நிபந்தனையும்தான். கையால் தோய்க்கும் பட்டறையில் 30 சேலையும் அச்சுப் பிசகாமல் ஒரே நிறத்தில் வராது. ஒரு தொட்டிக்கும் அடுத்த தொட்டிக்கும் நூலளவு வித்தியாசம் இருக்கும். அதைக் குறை என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் மறுபடி தோய்ப்பார்கள். உப்பும் தண்ணீரும் இரட்டிப்பாகும். இல்லையென்றால், இயந்திரத்தில் அடித்ததைத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

அந்த நிபந்தனையை விட்டுவிடுங்கள். ஒரே நிறம் என்பதற்குப் பதில் ஒரே நிறக் குடும்பம் என்று சொல்லுங்கள். அரக்கு, குங்குமச் சிவப்பு, செங்கல் நிறம், மாதுளை முத்து நிறம் என்று 30 பேர் நின்றால் புகைப்படம் இன்னும் அழகாகத்தான் வரும். அவுரித் தொட்டி வைத்திருக்கும் பட்டறை கிடைத்தால் யோகம்தான்: ஒரே தொட்டியை நீண்ட நாள் பராமரித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்; ஒரு முறை தோய்த்தால் வான நீலம், பல முறை தோய்த்தால் மயில் கழுத்து நீலம். கறுப்புச் சாயல் கல்யாணத்துக்கு ஆகாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், அடர்நீலத்துக்குப் போகாமல் நடுவிலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

பணம் இடம் கொடுத்தால் 30-உம் முடிச்சுச் சுங்குடி. இடம் கொடுக்காவிட்டால் இப்படிப் பிரிப்பேன். மணப்பெண், இரு வீட்டு அம்மாக்கள், அத்தைகள், பெரியம்மாக்கள், அப்பத்தா, அம்மாச்சி ஆகியோருக்கு முடிச்சுச் சுங்குடி. அதை மதித்து வைத்திருந்து வருடக்கணக்கில் உடுத்தப் போகிறவர்கள் அவர்கள்தான். மதினிமாருக்கும் தங்கைகளுக்கும் அதே நிறக் குடும்பத்தில் மெழுகு அச்சுப் பருத்தி. கல்லூரிப் பிள்ளைகள் புதுமையாகக் கேட்டால் பருத்தியில் டிஜிட்டல் அச்சு, சுங்குடிப் புள்ளியைக் காப்பியடிக்காத வடிவத்தில். ஏற்கெனவே பீரோவில் நல்ல சுங்குடி வைத்திருப்பவர்களிடம் அதையே உடுத்திவரச் சொல்லுங்கள். சேலையே வாங்காத அந்த வழிக்குச் சாயமும் வேண்டாம், உப்பும் வேண்டாம். ஓர் ஆடையை இன்னும் ஒன்பது மாதம் கூடுதலாக உடுத்தினாலே அதன் சுற்றுச்சூழல் சுமை குறைகிறது என்று, வளங்கள் வீணாவதைக் குறைக்கப் பாடுபடும் பிரிட்டனின் ராப் (WRAP) அமைப்பு கணக்குச் சொல்கிறது.

தை மாதக் கல்யாணம் என்றால் ஆவணியிலேயே சொல்லிவிட வேண்டும். முடிச்சுப் போட அவகாசம் வேண்டும் என்பது ஒரு காரணம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தோய்த்த துணி காயாது என்பது இன்னொன்று. அவசரப்பட்டு அரைகுறையாக அலசிய சேலைதான் பின்னால் சாயம் விடும். அப்படிப்பட்டதைக் கல்லுப்புத் தண்ணீரில் எத்தனை முறை ஊறவைத்தாலும் பலனில்லை. முன்பணம் கொடுக்கும்போது முடிச்சு அவிழ்க்காத ஒரு சேலையை மாதிரிக்கு வாங்கி வீட்டில் துவைத்துப் பாருங்கள். திருப்தியாக இருந்தால், பில்லில் வெறுமனே "சுங்குடி" என்று எழுதவிடாமல் "கையால் முடிச்சுப் போட்டது, முழுப் பருத்தி" என்று எழுதி வாங்குங்கள்.